மலாவில என்ஜிஓ வேலை பாத்தத நையாண்டி நாவலா எழுதிட்டு இருக்கேன், கம்ப்ளைன்ட் லெட்டரா போயிட்டு இருக்கு. என்ன பண்ணலாம்?

குழாயடி

வணக்கம் மக்களே, கொஞ்சம் பெருசா இருக்கும், பொறுத்துக்கங்க.

எனக்கு திருச்செங்கோடு பக்கம். எங்க ஊரு ரிக் வண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போயி போர் போடுறது தெரிஞ்சிருக்கும். நான் வண்டியோட போகல, ஒரு என்ஜிஓவோட தண்ணி ப்ராஜெக்ட்ல இன்ஜினியரா மலாவி போயி சில வருஷம் இருந்துட்டு வந்தேன். எந்த என்ஜிஓ, டோனர், அதாவது காசு குடுக்கறவங்க, எந்த நாடுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அங்க பாத்தத வெச்சு ஒரு நாவல் எழுதறேன். சிரிக்க வைக்கணும்னுதான் ஆரம்பிச்சது, ஆனா திரும்பப் படிச்சா வேலைய விட்டவன் கடுப்புல எழுதுன கம்ப்ளைன்ட் லெட்டர்தான் கையில இருக்கு.

மேட்டருக்குப் பஞ்சமே இல்ல. கிராமத்துல தண்ணி இல்லங்கறத பத்தி மூணு நாள் ஒர்க்ஷாப். எங்க வெச்சாங்கன்னா சலிமாவுல ஏரிக்கரை ஹோட்டல்ல. ஜன்னல தொறந்தா ஆப்பிரிக்காவுலயே மூணாவது பெரிய ஏரி, உள்ள ஏசில தண்ணீர்ப் பற்றாக்குறைன்னு ஸ்லைடு ஓடுது, ஒவ்வொருத்தர் முன்னாடியும் ரெண்டு பாட்டில் மினரல் வாட்டர். பகல் பூரா ஹால்ல பாதி சேர் காலி, சாயங்காலம் அலவன்ஸ் ஷீட்டு வந்தா நிக்க எடம் இருக்காது. மாவட்ட ஆபீஸ்காரர் வாங்குற சம்பளம் எனக்குத் தெரியும், அந்த அலவன்ஸ் இல்லாம அவர் வீட்ல அடுப்பு எரியாது, அதனால அவரையும் ஒண்ணும் சொல்ல முடியல.

இன்னொண்ணு. அங்க கிராமத்துல பெரும்பாலும் ஆஃப்ரிடெவ் கைபம்புதான், 250 பேருக்கு ஒண்ணுங்கறது கவர்மென்ட் கணக்கு. ஒரே ஒரு ஸ்பேனர வெச்சு ஊர்க்காரங்களே கழட்டி மாட்டிக்கலாம், அப்படித்தான் டிசைனே பண்ணாங்க. உள்ள யு-சீல்னு ஒரு ரப்பர் இருக்கும், அது தேஞ்சா கை வலிக்க அடிச்சாலும் தண்ணி ஏறாது. அந்த ரப்பர் வாங்க எங்க பட்ஜெட்ல ஹெட்டே கெடையாது. புது பம்புக்கு இருக்கு, பம்பு மேல ஒட்டற டோனர் ஸ்டிக்கருக்கு இருக்கு, ஸ்டிக்கர் நேரா ஒட்டியிருக்கான்னு போட்டோ எடுக்க தலைநகர் லிலாங்வேல இருந்து லேண்ட் க்ரூஸர் வர்ற டீசலுக்கும் இருக்கு. ஒரு ஊர்ல ஒருத்தர் பழைய சைக்கிள் டியூப வட்டமா வெட்டி, பதமா தேச்சு, யு-சீல் எடத்துல மாட்டி பம்ப ஓட்டிட்டு இருந்தாரு. எங்க ரிப்போர்ட்ல அந்த பம்பு இயங்காத லிஸ்ட்ல, ஏன்னா அது அங்கீகாரம் வாங்குன ஸ்பேர் இல்ல.

இத அப்படியே எழுதிக் காட்டுனா நண்பர் ஒருத்தர் விழுந்து விழுந்து சிரிச்சாரு, ஆனா எதுக்குன்னா சைக்கிள் டியூபுக்கு! பாவம் அந்த ஊர்ல எப்படி எல்லாம் ஓட்டறாங்கன்னு. எனக்கு சப்புனு ஆயிடுச்சு. இன்னொருத்தர் இதெல்லாம் ஓவரா இருக்கு நம்பற மாதிரி இல்லன்றாரு. இதுல இருந்து எப்படி வெளிய வர்றது, எழுதுன அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பிழைதிருத்தி

ஓவரா இருக்குன்னு சொன்னவருக்கு ப்ளேபம்ப் கதைய சொல்லுங்க. பசங்க ஏறி சுத்தற ராட்டினத்த போர்வெல்லோட இணைச்சுட்டா பசங்க வெளையாட வெளையாட தண்ணி மேல டேங்குக்கு ஏறும்னு ஐடியா, டேங்க் ஸ்டாண்ட சுத்தி நாலு பக்கமும் விளம்பர போர்டு, அந்த விளம்பர வருமானத்துல மெயின்டனன்ஸ். 2000ல உலக வங்கி பரிசு குடுத்துச்சு. 2006ல அமெரிக்க அதிபர் புஷ்ஷோட மனைவியே மேடை ஏறி 1.64 கோடி டாலர் திட்டம்னு அறிவிச்சாங்க, 2010க்குள்ள 4,000 பம்பு, ஒரு கோடி பேருக்குத் தண்ணி. 2009ல ஒரு இங்கிலாந்து பத்திரிகை உக்காந்து கணக்கு போட்டுச்சு, சொன்ன அளவு தண்ணி எறைக்கணும்னா பசங்க ஒரு நாளைக்கு 27 மணி நேரம் வெளையாடணும். கடைசில சுத்துனது யாருன்னா ஊர்ப் பொம்பளைங்க, கொழந்தைங்க ராட்டினத்த குனிஞ்சு தள்ளிக்கிட்டு. ஒரு பம்பு வெல 14,000 டாலர் கிட்ட, சாதா கைபம்பு மாதிரி நாலு மடங்கு. சில எடத்துல நல்லா ஓடிட்டு இருந்த கைபம்ப பிடுங்கிட்டு இத வெச்சாங்க, உங்க மலாவியும் அதுல உண்டு.

இத நாவல்ல எழுதுனா எடிட்டர் அடிச்சுருவாரு, கொஞ்சம் கொறைங்க சார்னு. அதான் உங்க பிரச்சனையே. நிஜம் ஏற்கனவே கேலிக்கூத்தா இருக்கறப்ப நீங்களும் மேல கேலி பண்ணா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கும். கதை சொல்றவன் சிரிக்கவே கூடாது. 27 மணி நேரம்ங்கறத படிச்சுட்டு ஒரு ப்ரோக்ராம் ஆபீசர் சீரியஸா "அப்ப ஷிஃப்ட் முறை யோசிக்கலாமா"ன்னு கேக்கறாரு, அவ்ளோதான், அடுத்த வரி வேற விஷயத்துக்குப் போயிரணும்.

நீங்க போட்ட பத்தியிலயே நல்ல வரி எதுன்னா ஸ்டிக்கர் நேரா ஒட்டியிருக்கான்னு போட்டோ எடுக்கற டீசல். அதுல உங்க கோவம் தெரியல, பட்ஜெட் ஷீட்டுதான் தெரியுது. மத்ததுல நீங்க குறுக்க நிக்கறீங்க, பாத்தீங்களா எவ்ளோ அநியாயம்னு எங்கள கூப்பிடறீங்க. பேசாம நாவல் பூராவையும் ஆபீஸ் காகிதமா எழுதிப் பாருங்களேன். ட்ரிப் ரிப்போர்ட், மினிட்ஸ், டெண்டர் நோட்டீஸ், டோனர் மெயிலுக்கு பதில் மெயில். அரசாங்க ஆபீஸ் தமிழ் இருக்கே, மேற்படி, ஆவன செய்யப்பட்டது, பரிசீலனையில் உள்ளது, அத விடச் சிரிப்பு வேற எங்க கெடைக்கும்.

வடகடல்

வணக்கம். நான் முல்லைத்தீவுக் கரைப்பக்கம், இப்ப வெளியில இருக்கிறன். நீங்கள் குடுத்த பக்கம், நாங்கள் வாங்கின பக்கம், அதால எழுதுறன்.

2004 மார்கழி சுனாமிக்குப் பிறகு எங்கட ஊருக்கு வராத நிறுவனம் இல்லை. ஒவ்வொரு ஆக்களும் ஒரு ஃபோர்ம் கொண்டு வருவினம், வீட்டில எத்தினை பேர், என்ன இழந்தனீங்கள், இப்ப என்ன தேவை. நேற்று வந்தவையும் அதைத்தான் கேட்டவை, நாளைக்கு வாறவையும் அதைத்தான் கேப்பினம், ஒருத்தருக்கு சொன்னதை மற்றவையிட்ட கேட்டு எடுங்கோ எண்டால் அது சரிவராதாம், அவையின்ர ஃபோர்ம் வேறயாம். குளிருக்குப் போடுற மொத்தக் கோட்டு மூட்டை மூட்டையா வந்து இறங்கினது, எங்கட வெய்யிலுக்கு! படகு குடுத்த கதை இலங்கை முழுக்கத் தெரியும், கடலுக்கே போகாதவைக்கும் ஃபைபர் படகு கிடைச்சது, கடலுக்குப் போறவனுக்கு வலை கிடைக்கேல்லை.

ஆனா நீங்கள் விளங்கவேண்டியது இதுதான். எங்கட அம்மம்மா ரெண்டு கிழமையில ஆளைப் படிச்சிட்டா. வாகனம் வரேக்க கதவில இருக்கிற லோகோவைப் பாப்பா. பிள்ளையளுக்கு வேலை செய்யிற நிறுவனம் எண்டால் பேரப்பிள்ளையள முன்னுக்கு இருத்துவா, பெண்களுக்கு எண்டால் தான் தனியக் கஷ்டப்படுற கதை, மலசலகூடம் கட்டுறவை எண்டால் அந்தப் பக்கமாக் கூட்டிக்கொண்டு போவா. ஒண்டும் பொய் இல்லை, எல்லாம் நடந்ததுதான், எதை எடுத்து முன்னுக்கு வைக்கிறது எண்டதுதான் அவவின்ர கெட்டித்தனம். வந்த வெள்ளைக்காரப் பிள்ளை கண் கலங்கி எழுதிக்கொண்டு போகும், அது போனாப் பிறகு நாங்கள் அடக்கின சிரிப்பு கொஞ்சமில்லை.

உங்கட நண்பர் சைக்கிள் டியூபுக்குச் சிரிச்சவர் எண்டால், அந்த மனுசன் உங்களைப் பற்றி என்ன நினைச்சவர் எண்டது கதையில இல்லை. அவரும் உங்களைப் பாத்துச் சிரிச்சிருப்பார். அதை எழுதுங்கோ.

கூத்துப்பட்டறைக்கு வெளியே

வடகடல் சொன்னதுக்கு ஒரு ஒட்டு. குழாயடி, நீங்க மலாவில இருந்தப்ப கூலே வம்குலு பாத்தீங்களா? செவா ஜனங்களோட முகமூடி ஆட்டம், சாவு, பசங்க வயசுக்கு வர்றது, தலைவர் பட்டம் கட்டறது எல்லாத்துக்கும் ஆடுவாங்க, யுனெஸ்கோ 2005ல தலைசிறந்த கலைன்னு அறிவிச்சு, 2008ல பட்டியல்ல சேத்தாங்க. அதுல சிமோனின்னு ஒரு முகமூடி, செக்கச் சிவந்த மூஞ்சி, காலனி காலத்து வெள்ளைக்காரன நையாண்டி பண்றதுக்குன்னே செஞ்சது. புதுசா எவன் ஊருக்குள்ள வந்து அதிகாரம் பண்ணாலும் அவனுக்கு ஒரு முகமூடி செஞ்சு ஆட்டத்துல எறக்கி விட்டுருவாங்க.

அப்ப உங்களுக்கு முன்னாடியே அந்த ஊர்ல நையாண்டி இருக்கு, நீங்கதான் அதுக்குப் பொருள். நம்ம தெருக்கூத்துல ராஜா வேஷம் கட்டி பெருமை பேசிட்டு இருக்கறப்ப கட்டியக்காரன் பக்கத்துல நின்னு ஊர்ப் பேச்சுல வாருவான் பாருங்க, உங்க நாவல்ல ராஜா வேஷம் யாருன்னு கேக்கவே வேணாம், கட்டியக்காரன் யாருன்னு முடிவு பண்ணுங்க. என்னக் கேட்டா டிரைவர்தான். என்ஜிஓ டிரைவருக்குத் தெரியாத ரகசியமா? பின் சீட்ல ரெண்டு கன்சல்டன்ட் இங்கிலீஷ்ல சண்ட போட்டுக்கறதும் காதுல விழும், ஊர்ல எறங்குனா மொழிபெயர்க்கறதும் அவர்தான். ஊர்ப் பெருசு ரெண்டு நிமிஷம் திட்டுனத "ரொம்ப சந்தோஷம்னு சொல்றாங்க சார்"னு ஒரு வரில முடிக்கற அதிகாரம் வேற யாருக்கு இருக்கு.

வார்டு நம்பர் ஏழு

எல்லாரும் ஜாலியா போயிட்டு இருக்கீங்க, நான் கொஞ்சம் தண்ணி ஊத்தறேன், மன்னிக்கணும். நானும் மலாவில இருந்தேன், நர்ஸ்.

2004ல அங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரிகள்ல எச்ஐவி மருந்து இலவசமா குடுக்க ஆரம்பிச்சாங்க, காசு முக்காவாசி வெளிநாட்டுது. அதுக்கு முன்னாடி வார்டு எப்படி இருந்துச்சுன்னு அங்க பழைய சிஸ்டருங்க சொல்லுவாங்க, ஒரு கட்டில்ல ரெண்டு பேரு, கட்டிலுக்குக் கீழ ஒருத்தர். 2011ல மலாவி ஒரு வேலை பண்ணுச்சு, உலகத்துலயே மொத நாடா. கிராமத்து க்ளினிக்ல சிடி4, அதாவது ரத்தத்துல நோய் எதிர்ப்பு செல் எவ்ளோ இருக்குன்னு, அளக்கற மெஷின் கெடையாது, மெஷின் வர்ற வரைக்கும் காத்திருந்தா கொழந்தைக்கும் தொத்திரும். அதனால கர்ப்பிணிக்கு எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சா போதும், அளவெல்லாம் பாக்காத, அன்னைக்கே மருந்த ஆரம்பி, வாழ்நாள் பூரா குடுன்னு முடிவு எடுத்தாங்க. ஆப்ஷன் பி ப்ளஸ்னு பேரு. வெளிய இருந்து வந்த உத்தரவு இல்ல, மலாவி சுகாதாரத் துறையே எடுத்த முடிவு, அப்புறம் உலக சுகாதார நிறுவனமே அதப் பின்பற்றுச்சு. அதுக்கும் இதே லேண்ட் க்ரூஸர், இதே ஒர்க்ஷாப், இதே அலவன்ஸ் ஷீட்டுதான்.

2025ல என்ன ஆச்சுன்னு தெரியும். ஜனவரில அமெரிக்கா உதவிய நிறுத்துச்சு, ஜூலைல அந்த உதவிய குடுத்துட்டு இருந்த அரசு நிறுவனம் யுஎஸ்எய்டையே மூடிட்டாங்க. நிறுத்துனவங்க சொன்ன காரணம் என்ன, எல்லாம் வீண் செலவு, கேலிக்கூத்துன்னுதானே. நீங்க எழுதப் போற ஒவ்வொரு ஜோக்கும் அவங்க வாயிலயும் அப்படியே பொருந்தும். எழுதாதீங்கன்னு சொல்லல. உங்க நாவல படிச்சுட்டு ஒருத்தன் "அப்ப எல்லாத்தையும் மூடுனது சரிதான்"னு புஸ்தகத்த வெச்சுட்டான்னா அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கீங்கன்னுதான் கேக்கறேன்.

பிழைதிருத்தி

@வார்டு நம்பர் ஏழு ஒத்துக்கறேன், ஆனா அதுக்காக அடக்கி வாசிச்சா நாவலே வேணாம், நன்றி நவிலல் எழுதிரலாம். யு-சீல் வாங்க காசு இல்ல ஸ்டிக்கருக்கு இருக்குன்னு சொல்றது உதவிய நிறுத்துன்னு ஆகாது, ரப்பர வாங்குடான்னுதான் ஆகும். படிக்கறவனுக்கு அந்த ரப்பர் மேல ஆசை வரணும். பம்பு ஓடணும்னு மனசு கெடந்து துடிச்சாதான் ஓடாதப்ப சிரிப்பும் வரும்.

குழாயடி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ வரும்னு நெனைக்கல.

வடகடல் அக்காவா அண்ணனா தெரியல, அம்மம்மா கதைய படிச்சுட்டு எனக்கு வேற மாதிரி ஆயிருச்சு. கூலே வம்குலு டெட்சா பக்கம் ஒரு தடவ பாத்திருக்கேன், ரோட்ல முகமூடியோட வந்தா எங்க டிரைவர் வண்டிய ஓரங்கட்டி கண்ணாடிய ஏத்திருவாரு, சிமோனி மேட்டர் அப்ப யாரும் சொல்லல. சொல்ற எடத்துலயும் நாங்க இல்ல.

சிஸ்டர் கேட்டதுக்கு இப்போதைக்கு என்கிட்ட பதில் இல்ல, ஆனா நாவல்ல ஒரு க்ளினிக் வரும், அங்க மட்டும் காகிதத்துல இருக்கறதும் நடக்கறதும் ஒண்ணா இருக்கும்னு வெக்கலாம்னு தோணுது. பம்பு பத்தி ஒரு துணுக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது, ஆப்பிரிக்காவுல பல நாட்ல ஓடற இந்தியா மார்க் 2 கைபம்பு 70கள்ல நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் டெஸ்ட் பண்ணி மெட்ராஸ் ஃபேக்டரில தயாராகி வெளிய வந்தது. உகாண்டா, தெற்கு சூடான் எல்லாம் அதுதான். அதுல வால்வு கெட்டா மொத்த பைப்பையும் மேல இழுக்கணும், முக்காலி, ஆளுங்க எல்லாம் வேணும், அதனாலதான் ஆஃப்ரிடெவ்ல பைப்ப விட்டுட்டு ராட மட்டும் உருவற மாதிரி செஞ்சாங்க. சரி நாவலுக்கு வர்றேன். பிழைதிருத்தி சொன்ன மாதிரி ஒரு பக்கம் எழுதிப் பாத்தேன்:

"பயண அறிக்கை. பொருள்: பயனாளிகள் திருப்தி அளவீடு. மேற்படி கிராமத்தில் பயனாளிகள் பதினான்கு பேர் சந்திக்கப்பட்டனர். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கோரப்பட்டது. ஐந்து என்றால் என்ன பொருள் என்று கிராமத் தலைவர் வினவினார். ஐந்து என்றால் இவர்கள் அடுத்த வருடமும் வருவார்கள் என்று ஓட்டுநர் விளக்கினார். தலைவர் சிறிது நேரம் யோசித்து, ஒன்று என்றால் வரமாட்டார்களா என்று கேட்டார். கலந்தாலோசனைக்குப் பின் பதினான்கு பேரும் ஐந்து வழங்கினர். பம்பில் தண்ணீர் வரவில்லை. வினாத்தாளில் அதற்கான கட்டம் இல்லாததால் பதிவு செய்யப்படவில்லை. பம்பின் ஸ்டிக்கர் நல்ல நிலையில் உள்ளது. புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது."

எப்படி இருக்கு?

வடகடல்

தலைவர் யோசிச்சுக் கேட்ட கேள்வி நல்லாயிருக்கு. வாறவை வராமல் விட்டால் நல்லது எண்டு அவர் நினைக்கிறாரோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, அந்தச் சந்தேகம் அப்பிடியே இருக்கட்டும், தெளிவாக்கிப் போடாதேங்கோ. (அக்காதான்.)

வாய்தா

சட்டப் பக்கம் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். வேலைக்குச் சேரும்போது கையெழுத்து போட்ட கான்ட்ராக்ட எடுத்துப் பாருங்க, வேலைய விட்ட பிறகும் ரகசியம் காக்கணும்னு ஷரத்து இருக்கும், பெரும்பாலும் இருக்கும். ஆபீஸ் ஈமெயில், உள் அறிக்கை எதையும் வார்த்தைக்கு வார்த்தை எடுத்துப் போடாதீங்க, நீங்களே எழுதுன ரிப்போர்ட்டா இருந்தாலும் அது அவங்க சொத்துன்னு எழுதியிருப்பான். அவதூறு நம்ம ஊர்ல இன்னும் கிரிமினல்தான், பாரதிய நியாய சன்ஹிதால 356வது பிரிவு. பேர மாத்திட்டா தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க, படிச்சவங்களுக்கு இன்னார்னு அடையாளம் தெரிஞ்சா போதும். கற்பனைப் பாத்திரங்கள்னு மொத பக்கத்துல போடறது கோர்ட்ல பெருசா நிக்காது. மூணு பாஸ கலந்து ஒரு பாஸ் ஆக்குங்க, ஒருத்தரோட மீசை, இன்னொருத்தரோட டயலாக்.

குழாயடி

நன்றி சார். கான்ட்ராக்ட் எந்தப் பெட்டில கெடக்குன்னு தேடணும். பாஸ கலக்கறது ஈஸி, எல்லாரும் ஒரே பவர்பாயின்ட்தான் வெச்சிருந்தாங்க.

கடைசியா ஒரு டவுட்டு, லாக்ஃப்ரேம், அதாவது ப்ராஜெக்டோட நோக்கம், அத எப்படி அளக்கறதுன்னு போடற திட்ட அட்டவணை, ஒரு அத்தியாயமா வருது, நாலு காலம் (column) டேபிள், அத டேபிளாவே போடலாமா?

பிழைதிருத்தி

அச்சுல ஓகே, இ-புக்ல ஃபோன்ல படிக்கறவனுக்கு காலம் எல்லாம் ஒடைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். டேபிள ஒரே ஒரு எடத்துல, ரெண்டு காலமா கொறைச்சு வைங்க, மிச்சத்த மீட்டிங்ல யாராவது சத்தமா வாசிக்கற மாதிரி எழுதிருங்க. வாசிக்கறவர் நடுவுல டீ குடிக்கட்டும், மத்தவங்க தூங்கட்டும். க்ளினிக் அத்தியாயம் எழுதுனதும் இங்க போடுங்க, சிஸ்டர் படிச்சுட்டு ஓகே சொன்னாதான் மேல.